மூக்குத் திருகும் உத்தியோகம்

சிங்கப்பூர் விழுந்த மாதம் வெள்ளவத்தையில் வீட்டுக்கு வீடு பதுங்குகுழி வெட்டினார்கள். கனகசபாபதியர் மட்டும் வெட்டவில்லை.

"எங்களுக்கு என்னத்துக்குக் குழி? எங்கட மருமோன் பீரங்கியிலயெல்லோ நிக்கிறார்!" என்று கேற்றடியில் நின்று போவோர் வருவோரையெல்லாம் மறித்துச் சொன்னார். அவர் ஓய்வு பெற்ற போஸ்ற் மாஸ்டர். நாற்பது வருடம் ஊராரின் செய்தியைச் சுமந்தவர், இப்போது தன் செய்தியை ஊரார் தலையில் ஏற்றிவிட்டார். அது தந்தி வேகத்தில் போனது. போகப் போகக் கொழுத்தது. வெள்ளவத்தைக் கால்வாயைத் தாண்டும்போது மருமகன் ஒரு பீரங்கிக்கே தலைவன். கிருலப்பனையை எட்டியபோது யப்பான்காரனுடைய இரண்டு கப்பல்களை இடது கையால் கடலுக்குள் தாட்டவன். வலது கையில் அந்நேரம் தேத்தண்ணிக் கோப்பை இருந்ததாம்.

உண்மை வேறு. மருமகன் பொன்னம்பலத்தார் கோட்டையில் ஒரு கப்பல் கந்தோரில் கிளாக்கர். தொண்டர் படையில் சேர்ந்து, முகத்துவாரத்தில் விமானங்களைச் சுடும் பீரங்கிகளிடம் வந்து சேர்ந்திருந்தார். பீரங்கியைத் துடைத்திருக்கிறார். எண்ணெய் போட்டிருக்கிறார். ஒருநாள் மழைக்கு அதன் கீழே ஒதுங்கியும் இருக்கிறார். அதில் வேலை பார்த்ததில்லை.

இரண்டாம் பீரங்கியில் ஓர் இடம் காலியாக இருந்தது. குண்டின் மூக்கிலே எண்கள் பொறித்த வளையம் ஒன்று உண்டு. விமானம் வருகிற உயரத்துக்கு ஏற்றபடி அந்த வளையத்தைத் திருகிவிட்டால் குண்டு சரியான இடத்தில் போய் வெடிக்கும். பிசகித் திருகினால் காகத்துக்குக்கூடக் காயம் வராது. இந்த உத்தியோகத்துக்குப் படையிலே ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. தமிழாட்கள் 'மூக்குத் திருகுகிறவர்' என்றார்கள். அதற்கு இரண்டு பேர் போட்டி. வென்றவர் மூக்குத் திருகலாம். தோற்றவர் சப்பாத்துக் கிடங்குக்குப் போய் வலது சப்பாத்துக்கு இடது சப்பாத்துத் தேடலாம்.

மாமனார் ஊரெல்லாம் சொல்லிவைத்ததற்குப் பிறகு சப்பாத்துக் கிடங்குக்குப் போவதானால், பொன்னம்பலத்தார் வெள்ளவத்தைக்குப் போகாமல் நேரே கடலுக்குள் நடந்துவிடுவது நல்லது. அது அவருக்கே தெரியும்.

மற்றப் போட்டியாளன் பழனிமுத்து. கொட்டாஞ்சேனைக்காரன். துறைமுகத்தில் மூட்டை தூக்கினவன்; தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த குடும்பம். பொன்னம்பலத்தாரைவிட ஏழு வயது இளையவன், அரை முழம் உயரம் கூடியவன், பல்வரிசை முத்து. "அண்ணே, அண்ணே" என்று காலைச் சுற்றும் மரியாதை வேறு. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் பொன்னம்பலத்தார் நிம்மதியாக வெறுத்திருப்பார். அவன் நல்லவனாக இருந்ததுதான் வயிற்றில் மிளகாய் அரைத்தது.

இந்த நேரத்தில்தான் மனசு டாக்குத்தர் வந்தார்.

அவர் சீமையிலிருந்து வந்த கப்டன். சுடுவதற்குக் கையைப் பழக்குவது போல, பயப்படாமல் இருக்க மனசையும் பழக்கலாம் என்பது அவர் கட்சி. மூன்று பயிற்சிகள் வைத்திருந்தார். முதலாவது, நாலு எண்ணி மூச்சை இழுத்து, நாலு எண்ணி நிறுத்தி, நாலு எண்ணி விடுவது. இரண்டாவது, கண்ணை மூடிக்கொண்டு பீரங்கி வேலை முழுவதையும் மனதுக்குள்ளேயே ஒன்றும் விடாமல் செய்து பார்ப்பது. மூன்றாவது, ஆளுக்கொரு சொல். பயம் வரும்போது அதை மனதுக்குள் சொன்னால் மனசு பிடிக்குள் வந்துவிடும். அவரவர் சொல்லை அவரவரே தேர்ந்துகொள்ள வேண்டும். மற்றவர்களோடு அதைப் பற்றி அளவளாவிக்கொண்டு இருக்கவேண்டாம் என்றார் கப்டன்.

இதைத் தமிழாக்கியவர் சார்ஜன் கிளறன்ஸ். அவர் பறங்கியர். அவருடைய தமிழ், புறக்கோட்டைச் சந்தையில் மாம்பழம் பேரம் பேசிப் பழகிய தமிழ். தம்பி என்பதற்குச் சிங்களத்து 'மல்லி'தான் வாயில் வரும்.

"கேட்டுக்கோ மல்லி, எல்லாருக்கும் ஒரு மந்திரம். ரகசியம்! வெளியே சொன்னா சத்தி போச்சு, பினிஷ்!"

அவ்வளவுதான். கப்டன் கொடுத்தது ஒரு சாதாரணச் சொல். சார்ஜனின் வாயைத் தாண்டி வந்தபோது அது உபதேசமாகிவிட்டது. தமிழாட்கள் ஒரேயடியாக அடங்கிப்போனார்கள். ஒருவர் மறுநாள் முழுகிவிட்டு வந்தார். இன்னொருவர் மச்ச மாமிசம் சாப்பிடுவதை நிறுத்தினார். பொன்னம்பலத்தார் விபூதி பூசிக் கிழக்கே பார்த்து நின்று 'நமச்சிவாய' என்று எடுத்துக்கொண்டார்.

பரீட்சையும் வைத்தார் கப்டன். ஆட்களை வரிசையில் நிறுத்தி, விளிம்புமட்டும் நிரம்பிய தேத்தண்ணிக் கோப்பையை ஆளுக்கொன்று உள்ளங்கையில் வைத்தார். பின்னால் சார்ஜன் கிளறன்ஸ் சீனவெடிக் கட்டைக் கொளுத்தினார். வெடி முடிந்ததும் கோப்பைக்குள் எவ்வளவு மிச்சம் என்று அளந்து, ஆளின் பெயருக்கு நேரே பலகையில் எழுதினார்கள்.

பழனிமுத்துவின் கோப்பையில் ஒரு துளி குறையவில்லை. வெயிலுக்கு ஆவியாகிப் போன தேத்தண்ணிகூட அவனுக்குப் பயந்து திரும்பி வந்ததோ என்னவோ, ஒரு துளி கூடத்தான் இருந்தது. பொன்னம்பலத்தாருடைய கோப்பையில் தேயிலைத் தூள் மட்டும் ஒட்டியிருந்தது. தேத்தண்ணி முழுக்கக் கப்டனின் காற்சட்டையில் இருந்தது.

"'நமச்சிவாய' சொல்லி முடியமுதல் வெடி வெடிச்சிட்டுது. ஐஞ்செழுத்து, நீளம்" என்று பொன்னம்பலத்தார் தமக்குத்தாமே சமாதானம் சொன்னார். அடுத்த கிழமை 'சிவா' என்று சுருக்கினார். அரைக் கோப்பை போயிற்று. 'நாகேஸ்வரி' என்று மனைவியின் பெயரைச் சொல்லிப் பார்த்தார். இருந்த பயத்தோடு இன்னொரு பயமும் சேர்ந்து கோப்பையே விழுந்து உடைந்தது.

அப்போதுதான் அவருக்கு ஞானம் பிறந்தது. ஆளில் ஒன்றுமில்லை, எல்லாம் சொல்லில் இருக்கிறது. பழனிமுத்துவிடம் ஏதோ வலுத்த மந்திரம் அகப்பட்டிருக்கிறது. மூட்டை தூக்கினவனுக்குக் கிடைத்த மந்திரம், மூன்று தலைமுறையாகத் தேவாரம் பாடுகிற வீட்டுக்கு ஏன் கிடைக்கவில்லை?

"பழனி, எனக்கு மட்டும் சொல்லன். நான் ஆருக்கும் சொல்லமாட்டன்" என்று தேன் குரலில் கேட்டுப் பார்த்தார்.

"அய்யய்யோ, வேணாம்ணே! சொன்னா சத்தி போயிரும்னு சார்ஜன் சொன்னாரில்ல? அதுவும் ஒங்ககிட்ட சொல்லவே கூடாதுண்ணே."

உங்களிடம் சொல்லவே கூடாது! அந்த 'ஒங்ககிட்ட'வை நினைத்து நினைத்துப் பொன்னம்பலத்தார் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாளிலிருந்து பழனிமுத்துவின் உதட்டைக் காவல் காக்கத் தொடங்கினார். சீனவெடி வெடிக்கும்போது அந்த உதடு மெல்ல அசையும். முதலில் ஒட்டித் திறக்கும், நடுவிலே ஒட்டும், கடைசியிலும் வந்து ஒட்டும். பெருமாளா? ஒட்டுப் போதாது. பம்பரமா? பப்பாப்பழமா? மனுசன் ஒரு கிழமை பப்பாப்பழத்தை மனதுக்குள் ஜபித்தார். வயிறு இளகியதைத் தவிர வேறு பலன் இல்லை.

இதற்கிடையில் வீட்டிலும் எரிச்சல் ஏறியது. பலகையில் எழுதியதெல்லாம் எப்படியோ வெள்ளவத்தைக்கு எட்டிவிட்டது. கனகசபாபதியர், "தம்பி, அந்தக் கோப்பை சிந்தாத பெடியனை ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாருமன், பாப்பம்" என்றார்.

கூட்டிக்கொண்டு வராமல் இருக்க முடியவில்லை. நண்டுக்கறி. நாகேஸ்வரி பரிமாறினாள். பொன்னம்பலத்தார் கரண்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவருக்கு இரண்டு கால். பழனிமுத்துவுக்கு இரண்டு கால். சரி. பிறகு கரண்டி இன்னொரு முறை சட்டிக்குள் போனது. அந்தச் சட்டியிலேயே மிகப் பெரிய, மேசைக்கால் தடிப்பு இருந்த நண்டுக்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. பொன்னம்பலத்தாரின் பீங்கானுக்கு மேலாலே, நிற்காமல், தரிக்காமல், நேரே பழனிமுத்துவின் பீங்கானுக்குப் போய் இறங்கியது.

"விருந்தாளியெல்லோ" என்றாள் நாகேஸ்வரி.

பிறகு பழனிமுத்து ரசம் நிரம்பிய தம்ளரை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு எழுந்து நிற்க, கனகசபாபதியர் அவன் காதடியில் செம்புத்தட்டை உலக்கையால் அடித்தார். மூன்று வீடு தள்ளி ஒரு சனம் விமானத் தாக்குதல் என்று குழிக்குள் குதித்தது. ரசம் அசையவில்லை. நாகேஸ்வரி கை தட்டினாள். கலியாணம் செய்த இந்த நாலு வருடத்தில் அவள் தமக்குக் கை தட்டியது எப்போது என்று பொன்னம்பலத்தார் கணக்குப் பார்த்தார். நுளம்பு அடிக்கத் தட்டியதுதான் ஞாபகம் வந்தது.

"இஞ்சாருங்கோ, நீங்களும் அப்பிடிச் செய்து காட்டுங்கோவன்" என்றாள்.

"எனக்கு ரசம் ஒத்துவராது" என்றார்.

உயிர்த்த ஞாயிறன்று விடுப்பை ரத்துச் செய்துவிட்டார்கள். யப்பான்காரனின் கப்பல்கள் கடலில் தெரிந்ததாகக் கதை. காலைச் சாப்பாட்டு வேளையில், சைரன் ஊதுவதற்குள் விமானங்கள் தலைக்குமேல் வந்துவிட்டன. இலையான் கூட்டம் பலாச்சுளைக்கு வருவது போல் வந்தன. வானத்தில் காகம் பறக்க இடமில்லை. போட்டி தீராவிட்டாலும் இரண்டாம் பீரங்கியில் அன்று மூக்குத் திருக நின்றவன் பழனிமுத்து. குண்டு தூக்கிக் கொடுக்க நின்றவர் பொன்னம்பலத்தார். துறைமுகப் பக்கம் முதல் குண்டு விழுந்து நிலம் தூக்கிப் போட்டது. பொன்னம்பலத்தாரின் முழங்கால் இரண்டும் தனித்தனியே வெள்ளவத்தைக்குப் புறப்பட ஆயத்தமாயின.

அந்நேரம் அந்தச் சத்தத்தையெல்லாம் கிழித்துக்கொண்டு ஒரு குரல் கேட்டது.

"பொன்னம்பலம்!"

பழனிமுத்து! அண்ணே இல்லை, ஐயா இல்லை, பெயருக்குப் பின்னால் ஓர் 'ஆர்'கூட இல்லை. மொட்டைப் பேர்!

பொன்னம்பலத்தாருக்கு யப்பான்காரன் மறந்துபோனான். குண்டைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அவன் முன்னால் போட்டுவிட்டு, "எடேய், ஆரைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாய்? வயசுக்கு மூத்தவன்ர பேரைச் சொல்லியோ?" என்று கத்தினார். அவன் காதில் விழவில்லை. குண்டின் மூக்கைச் சரக்கென்று திருகிவிட்டு, "பொன்னம்பலம்! பொன்னம்பலம்!" என்றான்.

"திரும்பவுமோ?" அடுத்த குண்டோடு ஓடினார். "நண்டுக்கால் தின்ன வாயாலயோடா என்ர பேரைச் சொல்லுறாய்?" அதற்கடுத்த குண்டு. "என்ர அப்பர்கூட என்னைத் தம்பி எண்டுதான் கூப்பிடுறவர்!" இன்னுமொரு குண்டு. ஒரு வசவுக்கு ஒரு குண்டு. முப்பது இறாத்தல் குண்டை விளாங்காய் போலத் தூக்கிக்கொண்டு ஓடினார். மற்றப் பீரங்கி ஒருமுறை வெடிப்பதற்குள் இரண்டாம் பீரங்கி மூன்றுமுறை வெடித்தது. வானத்தில் விமானங்களைவிடப் புகை கூடிப்போய், கடைசியாக வந்த யப்பான்காரன் வழி தெரியாமல் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டான் என்று பிறகு ஒரு கதை உலாவியது.

எல்லாம் அடங்கியது. பொன்னம்பலத்தார் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நியாயம் கேட்டார்.

"கூப்பிடலண்ணே," என்றான் பழனிமுத்து, தலையைச் சொறிந்துகொண்டு. "அதுதாண்ணே என் சொல்லு. மனசுக்குள்ளதான் சொல்லுவேன். இன்னிக்குச் சத்தத்துல என்னையறியாம வாய்விட்டு வந்திருச்சு."

பப்பாப்பழம் அல்ல, பம்பரம் அல்ல. ஒட்டித் திறந்து, நடுவில் ஒட்டி, கடைசியில் ஒட்டிய அந்த மகாமந்திரம் அவருடைய சொந்தப் பெயர். பொன்னம்பலத்தாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"என்ர பேரோ? ஏனடாப்பா என்ர பேர்?"

"பொய் சொல்லக்கூடாதுண்ணே. ஒலகத்துலயே ஒங்க அளவு பயந்தவர நான் பாத்ததில்ல. வெடி வெடிக்கும்போது ஒங்க மொகத்தப் பாப்பேன். இந்த மனுசனே இன்னும் ஓடாம நிக்கிறாரு, நமக்கென்ன வந்துச்சுன்னு தோணும். ஒடனே பயம் பஞ்சாப் பறந்திரும்."

உச்சி மறுபடி கொதித்தது.

கப்டன் இதைக் கிளறன்ஸ் வாயால் கேட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். மூக்குத் திருகுவது பழனிமுத்து. பொன்னம்பலம் அவன் கண்ணுக்குத் தெரியும்படி எதிரே நின்று குண்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். சப்பாத்துக் கிடங்கு இப்போதைக்கு இல்லை. பழனிமுத்துவுக்கு அந்த முகம் தேவைப்படும்வரை.

வெள்ளவத்தையில் கனகசபாபதியர், "எங்கட மருமோன் முன்னுக்கு நிண்டால்தான் பீரங்கி வெடிக்குமாம்" என்றார். அவர் அந்த வருடம் சொன்னவற்றுள் அது ஒன்றுதான் மெய்.

ஆனாலும் பொன்னம்பலத்தாரின் வயிறு ஆறவில்லை. தன் பெயர் இன்னொருவன் வாயில் வேலை செய்கிறது. தன் வாயில் செய்யவில்லையே! கண்ணாடிக்கு முன்னால் நின்று "பொன்னம்பலம், பொன்னம்பலம்" என்று சொல்லிப் பார்த்தார். நாகேஸ்வரி எட்டிப் பார்த்து, "ஆரைத் தேடுறியள்?" என்றாள்.

இப்படியே அவர் காலம் தள்ளியிருப்பார், சிறில் வராமல் இருந்திருந்தால்.

சிறில் முகத்துவாரத்து பேக்கரியில் பாண் போட்டவர். வயது நாற்பத்தைந்து. அவரை ஏன் படையில் எடுத்தார்கள் என்று எடுத்தவர்களுக்கே தெரியாது. அவர் பயந்தால் அது சாதாரணப் பயமா? சீனவெடியைக் கண்டாலல்ல, நெருப்புப்பெட்டியைக் கண்டாலே பல் தாளம் போடும். அந்தத் தாளத்துக்குப் பக்கத்துத் தேவாலயத்துப் பாடகர்கள் பாட்டை மாற்றிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் பழனிமுத்து வந்து காதில் சொன்னான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஒங்களப் பாக்கிறதவிட சிறில் அண்ணனப் பாத்தா இன்னும் நல்லா தைரியம் வருதுண்ணே."

பொன்னம்பலத்தார் சிறிலைத் திரும்பிப் பார்த்தார். பயத்திலும் தன்னை ஒருவன் முந்திவிட்டான்! சிறில் எதிரே நின்றால், தான் எதற்கு? சப்பாத்துக் கிடங்கின் கதவு திறந்து தன்னைப் பார்ப்பது போல் இருந்தது. அன்று பகல் முழுக்கச் சிறிலின் நடுக்கத்தைப் பார்த்துப் பார்த்து அவர் வெந்தார். என்ன ஒழுங்கான நடுக்கம்! விரல் நுனியில் தொடங்கித் தோள்வரை, ஓர் இடம் விடாமல்!

வழி ஒன்றுதான். சிறிலின் பயத்தைத் தீர்த்துவிடுவது.

மறுநாளே பிடித்துக்கொண்டார். "சிறில் அண்ணை, இப்பிடி வாருங்கோ. மூச்சை நாலு எண்ணி இழுங்கோ."

"எனக்கு ரெண்டுக்கு மேல எண்ண வருகுதில்ல ஐயா, நெஞ்சு படபடக்குது."

"மா பிசையிற மாதிரி நினையுங்கோ. அமத்தி, இழுத்து, மடிச்சு, விட்டு. நாலு!"

அது பிடித்துக்கொண்டது. பாண் போட்ட மனுசன் மூச்சைப் பிசையத் தொடங்கினார். பொன்னம்பலத்தார் விடவில்லை. காலையில் மூச்சு, மத்தியானம் மூச்சு, சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போதும் மூச்சு. செய்து காட்டினால்தான் சிறிலுக்கு ஏறும். ஆகவே ஒவ்வொன்றையும் தாமும் கூடச் செய்தார், நாளுக்கு நூறுமுறை. "கண்ணை மூடுங்கோ. குண்டு வருது. மூக்கில கை. வளையம் எங்க? எண் எத்தனை? திருகுங்கோ! பிழை, திரும்பவும்!" சிறில் ஒருமுறை கண்ணை மூடித் திருகினால் இவர் மூன்றுமுறை திருகிக் காட்டினார். கப்டன் தூர நின்று இதைப் பார்த்து, தம்முடைய புத்தகத்திலே என்னவோ எழுதினார். நெஞ்சு நிறைந்த அன்பினால் ஒரு மனிதன் சக வீரனுக்கு உதவுகிறான் என்று எழுதியிருப்பார், பாவம்.

மூன்றாம் கிழமை பயிற்சிச் சூடு வந்தது. ஒரு விமானம் வாலில் நீண்ட துணிப்பை ஒன்றை இழுத்துக்கொண்டு கடலுக்கு மேலாலே வரும். அந்தப் பையைச் சுட வேண்டும். விமானம் வந்தது. பழனிமுத்து குண்டின் மூக்கில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து சிறிலைப் பார்த்தான். சிறில் அடுப்பில் பாண் வைத்தவர் போல ஆறுதலாக நின்றார். திடுக்கிட்டுப் பொன்னம்பலத்தாரைப் பார்த்தான். அவர் சிறில் நடுங்கிவிடுவாரோ என்று அவருடைய விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். தாம் நடுங்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

பழனிமுத்து கிளறன்ஸைப் பார்த்தான். கப்டனைப் பார்த்தான். மதிலில் இருந்த பூனையைக்கூடப் பார்த்தான். பயந்த முகம் ஒன்று அந்த முகாமிலேயே அகப்படவில்லை. கை வழுக்கியது. குண்டு களனி கங்கை கடலில் சேரும் இடத்தில் போய் வெடித்து, இரண்டு தோணிக்காரர் வலை வீசாமலே அன்றைய மீனைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள்.

"பொன்னம்பலம்!" இந்த முறை கூப்பிட்டவர் கப்டன். விரல் மூக்கு வளையத்தைக் காட்டியது.

பொன்னம்பலத்தார் போனார். கை வளையத்தில் விழுந்தது. கண்ணை மூடித் திருகிய ஆயிரத்துச் சொச்சம் திருகலும் அந்தக் கைக்குள் இருந்தன. நாலு எண்ணினார். திருகினார். துணிப்பை கிழிந்து காற்றில் பட்டம் போலப் பறந்தது. அடுத்த பையும் கிழிந்தது. மூன்றாவது பையைக் கொண்டுவர விமானக்காரன் மறுத்துவிட்டானாம்.

அன்றே பலகையில் எழுதினார்கள்: இரண்டாம் பீரங்கி, மூக்கு, பொன்னம்பலம். குண்டு எடுத்துக் கொடுப்பது பழனிமுத்துவும் சிறிலும்.

பின்னேரம் விடுப்பு. பொன்னம்பலத்தார் ட்றாமடிக்கு வந்தபோது பழனிமுத்து பின்னால் ஓடிவந்தான். முத்துப் பல்வரிசையைக் காணவில்லை. கண் சிவந்திருந்தது. அந்தப் பார்வையைப் பொன்னம்பலத்தார் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டார். எப்படிப் பிடிக்காமல் இருப்பார்? மாசி மாதத்திலிருந்து அவர் அதைத் தம் கண்ணிலேயே வைத்துக்கொண்டு திரிந்தவர் அல்லவா?

"அண்ணே, நீங்க வலுவா ஒரு சொல்லப் புடிச்சிட்டீங்க. மறைக்காதீங்க. என்னாண்ணே அது?"

சொல் ஒன்றும் இல்லை. சிறிலைத் தவிர வேறு நினைப்பே அவருக்கு அப்போது இருக்கவில்லை. ஆனால் இதைப் போய்ச் சொல்லுவாரா?

ட்றாம் வந்து நின்றது. பொன்னம்பலத்தார் ஏறவில்லை. ஏறினால் இருபது நிமிடத்தில் கோட்டை வந்துவிடும்; இந்த இன்பம் முடிந்துபோகும். நடக்கத் தொடங்கினார். பழனிமுத்துவும் நடந்தான். கொட்டாஞ்சேனையில் தன் தெருச் சந்தி வந்தும் அவன் திரும்பவில்லை. புறக்கோட்டை போயிற்று, கோட்டை போயிற்று, காலிமுகத்திடலில் கடற்காற்று இருவரையும் தள்ளியது.

"மொத எழுத்தாவது சொல்லுங்கண்ணே."

"அவசரப்படாதை."

கொள்ளுப்பிட்டி போயிற்று. பம்பலப்பிட்டியில் பழனிமுத்து காலைத் தேய்த்துக்கொண்டு வந்தான். கண்ணில் அந்தச் சூடு மட்டும் குறையவில்லை. பொன்னம்பலத்தார் அதைக் கடைக்கண்ணால் பார்த்துப் பார்த்து, நண்டுக்கால் உறிஞ்சுகிறவர் போல ருசித்துக்கொண்டு நடந்தார்.

"எத்தன எழுத்துன்னாச்சும் சொல்லக்கூடாதா?"

"நீளமான சொல்லடாப்பா," என்றார் பொன்னம்பலத்தார், நடையை இன்னும் மெதுவாக்கி. "நான் இன்னும் எண்ணி முடிக்கேல்லை. நட."